விரிசலுற்ற வார்ப்பிரும்பு

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரளத்தின் வயநாட்டுப் பகுதியை அடுத்து அமைந்துள்ள ஊர் பந்தலூர். தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் இங்கு மழைக்கு ஓய்வில்லை. குன்றின்மேல் குன்றாக எழுந்து நிற்கும் இந்நிலத்தில் குடியிருப்புகள் ஒன்றையொன்று நெருங்கி அமையவில்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வாழ்வளிக்கும் பொருட்டு, 1968ஆம் ஆண்டில் தமிழக அரசு நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அத்தோட்டங்களுள் பல பந்தலூரைச் சுற்றி அமைந்தவையே.

இத்தகைய மலைநாட்டில் மக்களுக்கு உற்ற துணையாக நிற்கும் ஊர்தி ஜீப்பு. பேருந்து செல்லாத குறுகிய பாதையிலும் அது செல்லும். சேற்றிலும் செங்குத்தான ஏற்றத்திலும் தளராது ஏறும். பள்ளிச் சிறுவரை ஏற்றிச் செல்வதும், நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பதும், அரிசி மூட்டையைக் குடியிருப்புக்குக் கொண்டு வருவதும் அதுவே. இரண்டாம் உலகப் போரின்போது, 1941ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் படைக்கெனப் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட இவ்வூர்தி, இந்தியா விடுதலை பெற்ற பின்னர்ப் பம்பாயில் மகீந்திரா நிறுவனத்தாரால் உருவாக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. அதன் என்ஜினின் உடற்பகுதி வார்ப்பிரும்பால் ஆனது. பழைய ஜீப்புகளுக்கு மாற்று உறுப்புகள் கிடைப்பது எளிதன்று. ஆகவே, ஓர் உறுப்பில் விரிசல் காணின், அதனைச் செப்பனிடலாமா, அன்றித் தள்ளிவிட வேண்டுமா என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்குத் தவறான விடை கண்டால், பொருள் மட்டுமன்றி உயிரும் இழக்க நேரிடும்.

பழைய ஜீப்பு ஒன்று பாரம் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஏறுவதாகக் கொள்க. ரேடியேட்டரில் நீர் குறைந்திருப்பதை ஓட்டுநர் கவனிக்கவில்லை. ஏற்றத்தின் நடுவே ஆவி சீறிக்கொண்டு எழுகின்றது. வண்டியை நிறுத்திய ஓட்டுநர், அருகிலுள்ள ஓடையிலிருந்து குளிர்ந்த நீரை வாளியில் மொண்டு வந்து விரைந்து ஊற்றுகின்றார். மெல்லிய ஓசை ஒன்று கேட்கின்றது. சிறிது நேரத்தில் என்ஜினின் பக்கச் சுவரில் மயிரிழை போன்ற கோடு ஒன்றும், அதன் வழியே கசியும் நீர்த்துளிகளும் தென்படுகின்றன. பல்லாண்டுகளாகப் பாரம் இழுத்தும் தளராத இரும்பு, ஒரு வாளித் தண்ணீருக்கு ஆற்றாமல் பிளந்தது ஏன்?

இதற்கு விடை காண, வார்ப்பிரும்பின் இயல்பை அறிதல் வேண்டும். எஃகும் வார்ப்பிரும்பும் ஒரே தாயின் மக்கள் எனினும், குணத்தால் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டுக்குக் காரணம் அவற்றில் கலந்துள்ள கரியின் அளவே. கம்பிகளும் தகடுகளும் செய்யப் பயன்படும் மென்மையான எஃகில் கரி நூற்றுக்குக் கால் பங்குக்கு மேல் இராது. வார்ப்பிரும்பிலோ அது நூற்றுக்கு இரண்டரை முதல் நான்கு பங்கு வரை இருக்கும். இவ்வாறு மிகுந்துள்ள கரி, இரும்பு உருகிக் குளிரும்போது சிறுசிறு செதில்களாகப் பிரிந்து உள்ளே தங்கிவிடுகின்றது. பென்சிலின் நடுவில் உள்ள கிராபைட்டு என்னும் பொருளே இச்செதில்களும் ஆகும். வார்ப்பிரும்பு உடைந்த இடத்தில் காணப்படும் சாம்பல் நிறம் இவற்றால் உண்டாவதே.

இக்கிராபைட்டுச் செதில்களால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1,150 முதல் 1,200 பாகை சென்டிகிரேடு வெப்பத்திலேயே உருகி, நீர்போல் ஓடி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும். எஃகை உருக்க ஏறத்தாழ 1,500 பாகை வெப்பம் வேண்டும். வார்ப்பிரும்பு அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்ளும், உராயும் இடங்களில் எளிதில் தேயாது, விலையும் குறைவு. என்ஜினுக்கு அது ஏற்ற பொருளாயிற்று என்பதில் வியப்பில்லை. ஆயினும், செதில் ஒவ்வொன்றும் இரும்பினுள் அமைந்த ஒரு சிறு பிளவு போன்றது. மேலிருந்து அழுத்தினால் அப்பிளவுகள் மூடிக்கொள்ளும். இரு புறமும் பற்றி இழுத்தால் அவை வாய் திறக்கும். இதனால் வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்குவதைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு மிகுதியாக அழுத்தத்தைத் தாங்குகின்றது. மேலும், எஃகு உடைவதற்கு முன்னர் வளைந்து நீண்டு எச்சரிக்கை தரும். வார்ப்பிரும்பு வளையாது, எல்லை கடந்தால் உடையும்.

இனி, அந்த ஒரு வாளித் தண்ணீர் செய்தது யாது எனக் காணலாம். வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும், குளிர்ச்சியால் சுருங்கும். அரை மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். உறுப்பு முழுவதும் ஒன்றுபோல் நீண்டு ஒன்றுபோல் சுருங்கினால் கேடு இல்லை. கொதிக்கும் என்ஜினில் குளிர்நீர் பட்ட இடம் மட்டும் திடீரெனச் சுருங்க முயல்கின்றது. சுற்றியுள்ள பகுதி இன்னும் விரிந்தே இருக்கின்றது. சுருங்கும் பகுதி இழுக்கப்படுகின்றது. இழுவிசையோ வார்ப்பிரும்பின் பகை. எனவே அது பிளக்கின்றது. எரிந்துகொண்டிருக்கும் அரிக்கேன் விளக்கின் கண்ணாடிச் சிமினியில் ஒரு மழைத்துளி தெறித்தால் அது வெடிப்பதும் இக்காரணத்தாலேயே.

மலைநாட்டின் இயல்பும் இவ்விபத்துக்குத் துணை செய்கின்றது. உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகின்றது. அதனால் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறைகின்றது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் திறந்த பாத்திரத்தில் உள்ள நீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். மேலும், உதகையில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுவது உண்டு. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு பெருகும். கடுங்குளிரில் என்ஜினுள் நிற்கும் நீர் உறைந்தால், அது உள்ளிருந்து வெளியே தள்ளி இரும்புச் சுவரைப் பிளந்துவிடும். பந்தலூர் உதகையைவிடத் தாழ்ந்த இடமாதலால் அங்கு இத்தொல்லை இல்லை. மிகைச்சூடும் அவசரமுமே அங்கு இரும்புக்குப் பகைவர்.

விரிசல் கண்டவுடன் நெருப்பை மூட்டுபவர் தேர்ந்த தொழிலாளர் ஆகார். முதலில் விரிசல் எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றது என்பதை அவர் ஆராய்வார். மட்பாண்டம் வாங்குவோர் அதனை விரலால் தட்டிப் பார்ப்பது வழக்கம். நல்ல பானை கணீரென்று ஒலிக்கும். கீறல் விழுந்த பானை மழுங்கி ஒலிக்கும். வார்ப்பிரும்பு உறுப்பையும் சிறு சுத்தியால் அவ்வாறே தட்டிப் பார்ப்பர். கண்ணுக்குப் புலப்படாத கீறலைக் காண எளிய வழி ஒன்று உண்டு. உறுப்பைத் தூய்மை செய்து, அதன்மீது மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிடுவர். பின்னர் நன்கு துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைப் பூசுவர். கீறலுக்குள் புகுந்திருந்த எண்ணெய் மெல்ல வெளிப்பட்டு, வெண்மையான தூளின்மேல் ஈரக்கோடு ஒன்றைத் தீட்டிக்காட்டும். மறைந்திருந்த நோய் இவ்வாறு தன்னைத் தானே வெளிப்படுத்திக்கொள்கின்றது.

அடுத்த வேலை விரிசலை அங்கேயே தடுத்து நிறுத்துவது. கிழியத் தொடங்கிய துணி, சிறிது இழுத்தாலும் மேலும் கிழிந்துகொண்டே போவதை அனைவரும் அறிவர். கிழிசலின் கூரிய முனையில் இழுவிசை முழுவதும் குவிவதே அதற்குக் காரணம். இரும்பிலும் இஃதே நிகழ்கின்றது. ஆகவே விரிசலின் இரு முனைகளிலும் சிறு வட்டத் துளைகள் இடுவர். கூர்மை நீங்கி வளைவு உண்டானவுடன், குவிந்திருந்த விசை பரவிவிடுகின்றது; விரிசல் மேலும் ஓடுவது நிற்கின்றது. துளை முனையைத் தாண்டி அமையாவிடின் பயனில்லை. இதற்காகவே விரிசலின் எல்லையை முன்னரே திட்டமாக அறிதல் வேண்டும் என்றது.

இனிச் செப்பனிடும் முறைகளைக் காணலாம். எஃகுத் தகடுகளை மின்சாரத்தால் உருக்கி ஒட்டும் வெல்டிங் முறையைச் சாலையோரப் பட்டறைகளிலும் காணலாம். அதே முறையில், அதே எஃகுக் கம்பியைக் கொண்டு, வார்ப்பிரும்பையும் ஒட்டிவிடலாம் என எண்ணுவது பெரும்பிழை. உருகிய இடம் விரைவில் குளிரும்போது, கரி செதிலாகப் பிரிவதற்கு நேரம் இன்றி இரும்போடு சேர்ந்து, அரமும் கடிக்காத கடினப் பொருளாகிவிடுகின்றது. ஒட்டிய இடம் குளிர்ந்து சுருங்கிப் பக்கத்து இரும்பை இழுக்கின்றது. இதன் விளைவாக, ஒட்டுக்கு அருகிலேயே புதிய விரிசல் தோன்றும். ஒன்றை அடைக்கப் போய் மற்றொன்றைத் திறந்த கதையாக அது முடியும்.

இக்கேட்டைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு. முதலாவது, உறுப்பு முழுவதையும் சூடேற்றி ஒட்டுவது. உறுப்பை உலையில் வைத்து 500 முதல் 650 பாகை வரை சீராகச் சூடேற்றுவர். அந்நிலையிலேயே வார்ப்பிரும்புக் கம்பியை உருக்கி விரிசலை நிரப்புவர். பின்னர் அதனைச் சாம்பலிலோ காய்ந்த மணலிலோ புதைத்து, ஓரிரு நாள்கள் மெல்ல ஆறவிடுவர். உறுப்பு முழுவதும் ஒன்றாக விரிந்து ஒன்றாகச் சுருங்குவதால் ஒரு பகுதி மற்றொரு பகுதியை இழுப்பதில்லை. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது வழி, உறுப்பைச் சூடேற்றாமலே நிக்கல் கம்பியைக் கொண்டு ஒட்டுவது. நிக்கல் மென்மையும் நெகிழ்ச்சியும் உடையது. கரியோடு சேர்ந்து கடினப்படுவதில்லை. விரிசலை உளியால் வாய்க்கால்போல் வெட்டி, பழைய இரும்பில் ஊறியிருக்கும் எண்ணெயை இலேசான சூட்டால் நீக்கிய பின், ஒரே முறையில் ஓர் அங்குல அளவுக்கே ஒட்டுவர். உடனே அதனைச் சிறு சுத்தியால் மெல்லத் தட்டுவர். அத்தட்டு, சுருங்க முயலும் உலோகத்தை விரித்துக்கொடுத்து இழுவிசையைத் தணிக்கின்றது. கை வைத்துப் பார்த்துச் சூடு பொறுக்கும் அளவு ஆன பின்னரே அடுத்த அங்குலத்தைத் தொடங்குவர். ஒரு சாண் நீளமுள்ள விரிசலுக்கே பல மணி நேரம் செல்லும்.

பித்தளை வகையைச் சேர்ந்த கம்பியை ஏறத்தாழ 900 பாகையில் உருக்கிப் பற்றவைக்கும் முறையும் உண்டு. இதில் வார்ப்பிரும்பு உருகுவதே இல்லை. எனவே அது கடினப்படுவதும் குறைவு. ஆயினும், நெருப்புப்போல் சூடேறும் உறுப்புகளுக்கு இப்பற்று உகந்ததன்று.

நெருப்பே இல்லாமல் இரும்பைத் தைக்கும் முறை ஒன்றும் இருக்கின்றது. 1930களில் அமெரிக்காவின் டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் இது உருவாயிற்று. எண்ணெய் நிறைந்த இடத்தில் வெல்டிங் நெருப்பைப் பயன்படுத்துவது ஆபத்து. அதனால் அங்குள்ளோர் வேறு வழி தேட நேர்ந்தது. விரிசலுக்குக் குறுக்கே வரிசையாகத் துளைகள் இட்டு, அத்துளைகளுக்குப் பொருந்தும் வடிவில் அமைந்த உலோகப் பூட்டுகளை உள்ளே அடித்து இறுக்குவர். துணியின் இரு ஓரங்களையும் தையல் சேர்த்துப் பிடிப்பதுபோல், அப்பூட்டுகள் பிளந்த இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடிக்கும். பின்னர், விரிசலின் நீளம் முழுவதும் மரையாணிகளை ஒன்றையொன்று சிறிது கவ்வுமாறு திருகி நிரப்புவர். மேற்பகுதியை அராவித் தேய்த்தபின் நீர் கசிவது நின்றுவிடும். சூடு இல்லாமையால் உறுப்பு கோணுவதும் இல்லை.

உடைந்த வார்ப்பிரும்பைச் செப்பனிடும் கலை, ஒரு பெரும் போரிலும் பயன்பட்டுள்ளது. முதல் உலகப் போர் தொடங்கியபோது, ஜெர்மானியக் கப்பல்கள் பல அமெரிக்கத் துறைமுகங்களில் தங்கிவிட்டன. 1917ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அமெரிக்கா போரில் இறங்கி அவற்றைக் கைப்பற்றியது. ஆனால் கப்பல்கள் பகைவருக்குப் பயன்படக்கூடாது என்று கருதி, அவற்றின் மாலுமிகள் பல கப்பல்களின் என்ஜின் சிலிண்டர்களை முன்னதாகவே உடைத்துவிட்டிருந்தனர். அச்சிலிண்டர்கள் வார்ப்பிரும்பால் ஆனவை. அவற்றைப் புதிதாக வார்த்துப் பொருத்த ஓராண்டுக்கு மேலாகும் எனக் கருதப்பட்டது. அமெரிக்கக் கடற்படைப் பொறியாளரோ, அக்காலத்தில் புதுமையாக இருந்த மின்சார வெல்டிங் முறையால் அவற்றைச் சில மாதங்களிலேயே செப்பனிட்டனர். அக்கப்பல்கள் பின்னர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரரை அட்லாண்டிக் கடலைக் கடந்து ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றன.

இவ்வாறெனில், விரிசலுற்ற எதனையும் செப்பனிட்டுவிடலாம் அன்றோ எனச் சிலர் வினவலாம். ஆகாது. இங்கேதான் தொழிலாளரின் அறிவு சோதிக்கப்படுகின்றது. மேற்கூறிய ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது, அதன் பிரேக் டிரம் ஒன்றிலும் ஒரு விரிசல் காணப்பட்டதாகக் கொள்க. பிரேக் டிரம்மும் வார்ப்பிரும்பே. என்ஜினில் உள்ள விரிசல் கையளவு நீளம் உடையது. டிரம்மில் உள்ளதோ விரலளவே. சிறியதைச் செப்பனிடுவது எளிது எனத் தோன்றும். ஆனால் அனுபவம் மிக்க தொழிலாளர் பெரியதைச் செப்பனிட்டுச் சிறியதைத் தள்ளிவிடுவார்.

இதன் காரணம் யாது? விரிசலின் நீளத்தைக் கொண்டு ஆபத்தை அளப்பது தவறு; அவ்வுறுப்பு ஆற்றும் பணியைக் கொண்டே அதனை அளத்தல் வேண்டும். என்ஜினின் வெளிச்சுவர் தண்ணீரைத் தாங்கி நிற்பது. அதன் ஒட்டு விட்டுப்போனால் நீர் கசியும்; வண்டி நிற்கும்; அதற்குமேல் ஒன்றும் நேராது. பிரேக் டிரம்மின் நிலை வேறு. அது சக்கரத்தோடு சுழல்கின்றது. பிரேக்கை மிதிக்கும்போது உள்ளிருக்கும் கட்டைகள் அதனை வெளிப்புறமாகத் தள்ளுகின்றன. அதாவது, டிரம் முழுவதும் இழுவிசைக்கு ஆளாகின்றது. உராய்வினால் அது மிகுதியாகச் சூடேறுகின்றது. மழைநீர் தெறித்தால் திடீரெனக் குளிர்கின்றது. வார்ப்பிரும்புக்குப் பகையானவை அனைத்தும் அங்கு ஒருங்கே கூடியிருக்கின்றன. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அத்தகைய இறக்கத்தில் டிரம் உடைந்தால் வண்டியில் இருப்போரின் கதி என்னாகும்? ஒரு டிரம்மின் விலையை மிச்சப்படுத்தி, வண்டியில் செல்லும் சிறுவரின் உயிரைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது. விரிசலுற்ற பிரேக் டிரம்மைச் செப்பனிடாது மாற்றுவதே முறை.

மாற்று உறுப்பு கடையில் கிடைக்காத இடத்துப் புதிதாக வார்த்துக்கொள்வதும் உண்டு. நீர் இறைக்கும் பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் பெயர் பெற்ற கோயம்புத்தூரில் வார்ப்படச் சாலைகள் பல உள்ளன. பழைய உறுப்பையே மணலில் பதித்து அச்செடுத்தால் போதும் என எண்ணுதல் கூடாது. உருகிய வார்ப்பிரும்பு குளிரும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு சுருங்கும். ஆகவே அச்சுக்கான மாதிரியை அவ்வளவு பெரிதாகவே செய்தல் வேண்டும். கடைந்து எடுப்பதற்கும் சிறிது மிகுதி விடல் வேண்டும். அவ்வாறு வார்த்ததையும் சோதித்த பின்னரே வண்டியில் பூட்டுதல் தகும்.

பழைய உறுப்புகளைப் பேணும் இத்திறமை நீலகிரிக்குப் புதியதன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899ஆம் ஆண்டிலும், உதகை வரை 1908ஆம் ஆண்டிலும் ஓடத் தொடங்கிய மலை இரயிலுக்கு, பற்சக்கரம் கொண்ட நீராவி என்ஜின்கள் சுவிட்சர்லாந்து நாட்டிலிருந்து வந்தன. அவற்றைப் பல்லாண்டுகள் பேணிச் செப்பனிட்டு ஓட்டியவர் நம் நாட்டுத் தொழிலாளரே. திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைப் பணிமனையினர், 2011ஆம் ஆண்டில் அவ்வகை என்ஜின் ஒன்றைத் தாமே புதிதாகச் செய்து முடித்தனர். பழுது பார்க்கப் பழகிய கைகளே படைக்கவும் வல்லவை ஆயின.

எல்லாவற்றினும் சிறந்தது விரிசல் வாராமல் காத்தல். புறப்படுமுன் ரேடியேட்டரில் நீர் உள்ளதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். வழியில் என்ஜின் கொதித்தால், வண்டியை நிறுத்தி அது ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். ஆறுமுன் ரேடியேட்டரின் மூடியைத் திறப்பவர் மேல் கொதிநீர் பாய்ந்து புண்ணாக்கும். நன்கு ஆறிய பின்னர் மூடியைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுதல் வேண்டும். அரை மணி நேரப் பொறுமை, பல நாள் வேலையையும் பெரும் பொருளையும் காக்கும்.

அந்த ஜீப்பு மீண்டும் மலைப்பாதையில் ஏறுகின்றது. அதன் என்ஜின் சுவரில் தைத்த தழும்பு ஒன்று இருக்கின்றது. சக்கரத்தில் புதிய டிரம் இருக்கின்றது. எதனைக் காப்பது, எதனைக் கைவிடுவது என்று தேர்ந்து தெளிந்த அறிவே அவ்விரண்டையும் தந்தது. வண்டிக்குள் அமர்ந்து பள்ளிக்குச் செல்லும் சிறுவர் அதனை அறியார். ஆயினும் அவர்களை நாள்தோறும் நலமாக வீடு கொண்டு சேர்ப்பது அவ்வறிவே ஆகும்.